பாலம் இல்லாத பன்னிரண்டாம் பக்கம்

மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் துருவேறிய வாசல் கேற்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. எழுதிக்கொண்டிருந்த வரியை நடுவில் போட்டுவிட்டு எழுந்து போய், "மேலேருந்து கீழா தொடைங்க, அப்பதான் கோடு விழாது" என்று வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னேன். அவர் துணியை நனைத்து, கீழிருந்து மேலாகவே துடைத்தார். கேற் அவருடையது, துணி அவருடையது, துருவும் அவருடையது. திரும்பி நடக்கும்போதுதான் கழுத்தின் பின்புறத்தில் அந்தப் பழைய வலி. அது அச்சுக்கூட வாசனை. உருளைகளை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, அடுத்த நிறத்துக்காக மெஷின் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது வருகிற வாசனை.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எதையும் கையை விட்டு விடத் தெரியாத ஆள். கல்யாண அழைப்பிதழ் வந்தால் நாளையும் நேரத்தையும் பார்ப்பதற்கு முன் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பார்ப்பேன். (பென்சிலால் திருத்தி, கொண்டுவந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த எந்த விசேஷத்துக்கும் எங்களுக்கு அழைப்பில்லை.) வயதானால் இந்த நோய் களைத்துப் போகும் என்று நினைத்திருந்தேன். களைத்தது நான்தான். நோய் இன்னும் இளமையாகவே இருக்கிறது.

அது உச்சத்தில் இருந்த வருடத்தில் நாட்டில் யுத்தமும் உச்சத்தில் இருந்தது. இரண்டும் ஒரு பாலத்தின் மேல் சந்தித்தன.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஒரு பாடசாலையில் சித்திர ஆசிரியராகி, குண்டசாலையில் வாடகை வீட்டில் இருந்தேன். மனைவி கௌரிக்குக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், வேலை. யாழ்ப்பாணத்துக்காரி. இடமாற்றத்தில் கண்டிக்கு வந்து, ஒரு மழை நாளில் பஸ் தரிப்பில் என் குடைக்குள் ஒதுங்கி, அந்தத் தவறைப் பிறகு சட்டப்படி பதிவும் செய்துகொண்டவள்.

நான் ஒரு படப்புத்தகம் செய்துகொண்டிருந்தேன். எழுத்தும் நானே, படமும் நானே. இருபத்துநான்கு பக்கம், ஏழு வருடம். (இந்தக் காலத்துக்குள் ஒரு யானை மூன்று குட்டி போட்டிருக்கும் என்று கௌரி கணக்குச் சொன்னாள்.) கதாநாயகன் ஒரு கபரகொயா. மகாவலிக் கரையில் பார்த்திருப்பீர்கள்: உடும்புக்கு அண்ணன், முதலைக்குத் தூரத்துச் சொந்தம். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கழுத்து, பிளந்த நாக்கு, பெற்ற தாய்க்கும் பிடிக்குமா என்று சந்தேகிக்க வைக்கும் முகம். என்னுடையவனுக்குப் பெயர் சின்னராசா. அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆனால் அக்கரையில் இருக்கிற அத்தையைப் பார்க்கப் போக வேண்டும். நீந்தப் பயந்து, மனிதர்களின் பாலத்தால் நடந்து போகிறான். அவ்வளவுதான் கதை.

"தண்ணிக்குப் பயந்த கபரகொயாவை ஆர் நம்பப்போயினம்?" என்று கௌரி கேட்டாள்.

"பிள்ளைங்க நம்புவாங்க."

"பிள்ளையள் நம்புவினம். ஆனா அதுகள் கலியாணம் கட்டமுதல் புத்தகம் வரவேணுமே."

அச்சகம் மடவளையில். ஸாலிஹ் நானாவுடையது. பழைய மெஷின், இரண்டு நிறம்தான் முடியும் என்றார். கறுப்பு ஒன்று, மற்றது என் இஷ்டம். நான் பச்சை என்றேன். மழை விட்ட கையோடு வாழைக்குருத்தின் நுனியில் வெயில் பட்டால் தெரிகிற பச்சை. (உண்மையான கபரகொயா சேற்று நிறம். ஏழு வருடம் ஒரு பிராணியோடு குடித்தனம் நடத்தினால் அதற்கு ஒரு நல்ல சட்டை போட்டுப் பார்க்க ஆசை வராதா?) அந்தப் பச்சை சின்னராசாவுக்கு மட்டும் என்று சட்டம் போட்டேன். மரம் கறுப்பு, புல் கறுப்பு, தேயிலை மலை கறுப்பு. முழுப் புத்தகத்திலும் அவன் ஒருவன்தான் பச்சை.

"மாஸ்டர், நல்லா கேளுங்க" என்றார் நானா. "வியாழன், வெள்ளி, சனி. இந்த மூணு நாள்தான் மெஷின் ஒங்களுக்கு. திங்கக்கிழம எலெக்சன் நோட்டீஸ் வருது. அதுக்குப் பொறகு மூணு மாசம் நான் ஆக்கள்ட மூஞ்சி மட்டும்தான் அடிக்கணும்."

இருபத்துமூன்று பக்கங்கள் தயார். பன்னிரண்டாம் பக்கம்தான் இல்லை. அதில் ஒரே ஒரு வரி: "சின்னராசா கண்ணை இறுக மூடிக்கொண்டு பாலத்தைக் கடந்தான்." அந்தப் பாலத்தைப் பத்தொன்பது தடவை வரைந்து பத்தொன்பது தடவையும் கிழித்திருந்தேன். காரணம், பாலத்தின் முனையில் இருந்த சென்றி என்ற இராணுவக் காவலரண். மணல் மூட்டைகள், அவற்றின் முன்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். அவர் உடுப்புப் பச்சை. படத்தில் அவரை வைத்தால் என் பச்சையில் பாதியை அவர் எடுத்துக்கொள்வார். கறுப்பில் போட்டால் பூதம் மாதிரி தெரிகிறார். ஆகவே அவர் இல்லாத பாலத்தை, சரியான வெளிச்சத்தில் பார்த்து வரைவது என்று தீர்மானித்தேன். நீக்கிவிட்டுக் கற்பனையில் வரையக் கூடாதா? கூடாது. அப்போது எனக்கு அதற்குப் பெயர் நேர்மை.

அதனால் ஒரு வாரம் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையில் ஆற்றங்கரை மூங்கில் மறைவில் உட்கார்ந்து கொப்பியில் குறிப்பெடுத்தேன். அந்தக் கொப்பியில் இருந்தது இதுதான்:

"6.40 – பச்சை ஆள் மூட்டைக்கு முன்னால். 7.10 – நடுப்பாலம் வரை வருகிறார், ஆற்றைப் பார்க்கிறார். 8.00 – தேத்தண்ணி குடிக்க உள்ளே போகிறார். 8.15 – திரும்பி வருகிறார். 8.00 முதல் 8.15 வரை பாலம் சுத்தம்."

பக்கத்தில் தூண்களின் எண்ணிக்கை. காலடியால் அளந்த நீளம். எந்தத் தூணில் எத்தனை மணிக்கு நிழல். கடைசி வரிக்கு அருகில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, "இதுதான் நேரம்!"

வாசிக்கும்போதே உங்களுக்கு வியர்க்கிறதல்லவா? எனக்கு வியர்க்கவில்லை. பனி விலகும்போது பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் வெளிச்சம் ஒரு நூல் போல ஓடியது. என் கவலையெல்லாம் அந்த நூல்தான்.

புதன்கிழமை மற்றப் பக்கங்களைக் கொண்டுபோய் நானாவிடம் கொடுத்தேன். கூடவே ஏழு பக்கத்தில் அறிவுறுத்தல்கள்: மை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எந்தத் தாளை எந்த விரலால் தொடக்கூடாது. நானா கையில் வைத்து நிறுத்துப் பார்த்தார்.

"புத்தகத்த விட இது பாரமா ஈக்கே மாஸ்டர்?"

"வியாழன் மத்தியானம் பன்னண்டாம் பக்கத்தோட வாறேன் நானா."

வியாழக்கிழமை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் மூங்கில் மறைவை விட்டு வெளியே வந்து, பாலத்தின் முனையில் கொப்பியோடு குந்தியிருந்தேன். பாலம் சுத்தம். வெளிச்சம் சரி. மூன்றாவது தூணை வரைந்துகொண்டிருந்தபோது கொப்பியின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்க்காமலே சொன்னேன்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையும் மறு கையில் துப்பாக்கியுமாக நின்ற அந்தச் சிப்பாய்க்குத் தமிழ் விளங்கவில்லை. விளங்காதது நல்லது. படம் மட்டும் நன்றாக விளங்கியது.

பொலிஸ் நிலையத்தில் என் விஷயம் ஒரு சார்ஜன்டின் மேசைக்கு வந்தது. ஐம்பதைத் தாண்டியவர். உலகத்திலுள்ள எல்லாப் பொய்களையும் ஒரு தடவையாவது கேட்டு முடித்த முகம். (நாங்கள் பேசியது சிங்களத்தில். இங்கே தமிழில் தருகிறேன். அவர் பேச்சில் இருக்கும் மரியாதை நான் சேர்த்தது.)

"இதில என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

வேறொருவனாக இருந்தால் இரண்டு வரியை விழுங்கியிருப்பான். நான் வாழ்க்கையில் ஒரு வரியையும் விழுங்கியதில்லை. கொப்பியில் உள்ளதை உள்ளபடி சிங்களத்தில் சொன்னேன். "பாலம் சுத்தம்" என்ற இடத்தில் சற்று யோசித்து, "அதாவது ஒருத்தரும் காவலுக்கு இல்லாத நேரம்" என்று தெளிவுபடுத்தவும் செய்தேன்.

சார்ஜன்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினஞ்சு நிமிஷம்."

"ஆமா சார்."

"அந்தப் பதினஞ்சு நிமிஷத்தில பாலத்தால யார் வரப்போறாங்க?"

"கபரகொயா சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பேனையை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அது இயக்கத்தில வச்ச பேரா?"

"இல்லங்க சார், அது பிராணி. பேரு சின்னராசா."

அதையும் எழுதிக்கொண்டார்.

நான் ஏழு வருடக் கதையை முழுவதும் சொன்னேன். அத்தையையும் விடவில்லை. அவர் கேட்டுவிட்டுக் கடைசியில், "சித்திர மாஸ்டர்தானே? என்னை வரைங்க, பார்ப்போம்" என்று கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பத்து நிமிடத்தில் வரைந்தேன். உண்மையைச் சொன்னால் நல்ல படம். களைப்பும் வந்திருந்தது, கண்ணுக்குள் இருந்த கொஞ்சம் குறும்பும் வந்திருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். சார்ஜன்ட் படத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "ஹரி, ஹரி" என்றார், சரிதான் என்கிற மாதிரி. மனைவிக்குக் காட்டப்போவதாகச் சொல்லி மேசை லாச்சிக்குள் வைத்தார். என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார்.

"மாஸ்டர், இனிப் பாலத்துப் பக்கம் போகவேணாம். வீட்டில இருந்து வரைங்க."

நேரம் பத்து மணிகூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய், ஞாபகத்தில் இருந்த பாலத்தை வரைந்து, ஒரு மணி பஸ்ஸில் மடவளைக்குப் போயிருக்கலாம். புத்தகம் தப்பியிருக்கும், நானும் தப்பியிருப்பேன். எழுந்தேன். கும்பிட்டேன். வாசல் வரை போனேன். வாசலுக்கு வெளியே வெயிலும் வீதியும் ஒரு வத்தேகம பஸ்ஸும் தெரிந்தன.

திரும்பி வந்தேன்.

"சார், அந்தப் படத்தை ஒருக்கா தர்றீங்களா? கழுத்து சரியில்ல."

இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு அலுப்பாக இருக்கிறது. என்னை நானே தோளில் தட்டி, வா வீட்டுக்குப் போவோம் என்று கூட்டிக்கொண்டு போகமாட்டேனா என்று இருக்கிறது.

பாவம், சார்ஜன்ட் தந்தார். திரும்பவும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கழுத்தை அழித்து வரைந்தேன். கொஞ்சம் தடித்துவிட்டது. அழித்தேன். ஒரு மடிப்புப் போட்டேன். மடிப்புக்குத் துணையாக இன்னொரு மடிப்பு. தாடையை அதற்கேற்ப நீட்டினேன். தாடை நீண்டதால் வாய் அகலமாக வேண்டியிருந்தது. ஏழு வருடமாக என் கை ஒரே ஒரு கழுத்தைத்தான் வரைந்திருந்தது என்பதை நான் மறந்துபோனேன், கை மறக்கவில்லை. பதினொன்றரை மணியளவில் பின்னால் நின்ற கான்ஸ்டபிள் மூக்கால் ஒரு சத்தம் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

சார்ஜன்ட் படத்தை வாங்கிப் பார்த்தார். என் கொப்பியைத் திறந்து, கடைசியில் நான் வரைந்து பார்த்திருந்த சின்னராசாவைத் தேடி எடுத்தார். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தார். 

"ஓஐசி சனிக்கிழமைதான் வருவார்" என்றார், நிலையத்துப் பொறுப்பதிகாரியைச் சொல்லி. "அதுவரைக்கும் இருங்க."

பின்னேரம் கௌரி வந்தாள். கல்யாணப் பத்திரம், என் நியமனக் கடிதம், பொலிஸில் பதிந்த வீட்டாள் பட்டியல், எல்லாம் ஒரு கோப்பில். அவள் பிறந்த இடத்தை நான்கு தடவை கேட்டார்கள். நான்கு தடவையும் ஒரே இடத்தைச் சொன்னாள். ஐந்து நிமிடம் பேசலாம் என்று மேசைக்கு இந்தப் பக்கம் விட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தை நான் எப்படிச் செலவழித்தேன் என்பதை என் மகள் இன்று நடித்தே காட்டுவாள். (அவள் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் எல்லாரையும் விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.)

"சாப்பிட்டனீங்களே?" என்றாள் கௌரி.

"கௌரி, பன்னண்டாம் பக்கம். தூணோட நிழல் இடப்பக்கம் விழணும்."

"அடிச்சவையோ?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இல்ல. கைப்பிடியில பச்சை வரவே கூடாதுன்னு நானாகிட்ட சொல்லு. கறுப்பும் மெல்லிசா."

அவள் என்னைப் பார்த்தாள்.  அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் முந்தின வருடம் கொழும்பில் "ஒரு சின்ன விசாரணை"க்குப் போய் எட்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கைப்பிடியைப் பற்றிப் பேசினேன். பயந்துபோயிருந்தேன். உலகத்தில் என் சொல்லைக் கேட்கக்கூடியதாக மிச்சமிருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

"நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். எழுந்தவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. ஒருத்தரையும் வரையாதேங்கோ."

போகும்போது சார்ஜன்டிடம், இது உண்மையாகவே பிள்ளைகளின் புத்தகம் என்பதற்கு என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "படம் யாரும் வரையலாம்" என்றாராம் அவர். மேசையில் கிடந்த தன் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அதாவது, கிட்டத்தட்ட யாரும். புத்தகம்னா அச்சடிச்சுக் காட்டுங்க."

இரண்டு இரவு நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்தபடி தூங்கியதில் என் கழுத்து நிரந்தரமாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த நேரத்தில் வெளியே நடந்ததைப் பிறகு கௌரியும் நானாவும் சொல்லித்தான் அறிந்தேன்.

வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டு மடவளைக்குப் போயிருக்கிறாள். நானா ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அச்சகத்தைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். உடனே மெஷினை ஓட்டத் தயார்படுத்தினார்.

"மிஸ், பன்னண்டாம் பக்கம் எங்க?"

"அது பொலிசில இருக்கு. வரியை மட்டும் அடியுங்கோ. மிச்சத்தை வெள்ளையா விடுங்கோ."

"வெள்ளையாவா? மாஸ்டர் வந்து கேட்டா நான் என்ன சொல்லிய?"

"அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டுதானே போறான் நானா. அவனுக்குப் பாலம் தெரியாது. எங்களுக்கு மட்டும் என்னத்துக்கு?"

நானா மை டின்னைத் திறந்தாராம். "அதுவும் சரிதான்" என்றாராம். ஏழு வருடமும் பத்தொன்பது பாலமும் அந்த இரண்டு வார்த்தையில் முடிந்தன.

"அவர் தந்த அறிவுறுத்தல் வாசிச்சனீங்களே?"

"ரெண்டாம் பக்கத்தோட தூக்கம் வந்திட்டு மிஸ். ஆனா நல்ல தடிச்ச கடதாசி. மை ஒட்டாம நடுவில வெக்க உதவும்."

அப்படித்தான் சனிக்கிழமை காலையில், மை காயாத ஒரு பிரதி, என்னுடைய அறிவுறுத்தல்கள் பக்கத்துக்குப் பக்கம் செருகப்பட்டு, ஓஐசியின் மேசைக்கு வந்தது.

என்னையும் கூட்டிவந்து நிறுத்தினார்கள். ஓஐசி இளம் வயது, இஸ்திரி மடிப்புக் குலையாத உடுப்பு. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சின்னராசா கால் நனையாமல் முகம் கழுவுகிற பக்கத்தில் அவருடைய மீசை அசைந்தது. விரலில் பச்சை ஒட்டியது. பன்னிரண்டாம் பக்கம் வந்தது. அடியில் ஒரு வரி. அதற்கு மேலே ஒன்றுமில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"பாலம் எங்கே?"

கௌரி கச்சேரி ஆங்கிலத்தில், கோப்பு வாசிக்கிற குரலில் சொன்னாள்: "பாலம் உங்களிடம் இருக்கிறது, சேர்."

அவர் அவளைப் பார்த்தார். சார்ஜன்டின் மேசையில் நூல் கட்டி வைத்திருந்த என் கொப்பியைப் பார்த்தார். சார்ஜன்டின் படமும் அதற்குள்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார். சார்ஜன்டைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

"போகலாம்" என்றார்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? மூன்று நாளாகச் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு பஸ் ஏறி என்னை மீட்டவளின் கையைப் பிடித்திருக்கலாம். அந்த அதிகாரிக்கு நன்றி சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் மூச்சாவது விட்டிருக்கலாம். நான் மேசைக்கு மேல் குனிந்து, விரிந்து கிடந்த பக்கத்தை உற்றுப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்:

"கறுப்பு கொஞ்சம் கூடிப்போச்சு."

"என்ன சொல்கிறார்?" என்றார் ஓஐசி.

"உங்களுக்கு மிகவும் நன்றி என்கிறார், சேர்" என்றாள் கௌரி.

கொப்பியை அவர்கள் தரவில்லை. பஸ்ஸில் கௌரி கோப்பைத் திறந்து பத்திரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். குண்டசாலையில் இறங்கி, பஸ் போன புகை அடங்கும் வரை நின்று, வீதி ஓரத்திலேயே அழுதாள். நான் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கறுப்பு கூடிப்போச்சோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். திரீவீலர்காரர் ஒருவர் நிறுத்தி, ஏதும் உதவி வேண்டுமா என்று விசாரிக்கும்படி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மடவளைக்கு ஓடினேன். ஆயிரம் பிரதிகளும் கட்டி அடுக்கியிருந்தன. ஆயிரம் வெள்ளைப் பக்கங்கள். பிழையைத் திருத்த ஒரு வழி எனக்குத் தோன்றியது: ஒவ்வொரு பிரதியிலும் பாலத்தை நானே கையால் வரைந்துவிடுவது. (சிரிக்காதீர்கள்.) கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாளே தொடங்கினேன். இரண்டு கிழமையில் முப்பத்தேழு பாலம் வரைந்தேன். முப்பத்தெட்டாவதை வரையும்போது முதலாவது பிடிக்காமல் போய் அதை அழிக்கத் தொடங்கினேன். அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்து பார்த்தால் வீட்டில் ஒரு கட்டும் இல்லை. கௌரி எல்லாவற்றையும் பாடசாலைகளுக்கு அனுப்பியிருந்தாள்.

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் வீடு அமைதியாக இருந்ததாக அவள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வாள்.

சில மாதம் கழித்து, வத்தேகமப் பாடசாலையொன்றின் ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைகள் புத்தகத்தைப் பாழாக்கிவிட்டார்கள், மன்னிக்க வேண்டும் என்று, வகுப்புப் பிரதிகளை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் பன்னிரண்டாம் பக்கத்தில் பாலம் இருந்தது. கயிற்றுப் பாலம், ரயில் பாலம், மூன்றே கோட்டில் ஒரு பாலம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மணல் மூட்டை. எல்லாவற்றிலும் துப்பாக்கியோடு ஒரு ஆள். ஒரு பக்கத்தில் வரிசையாக ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசி ஆளுக்கு மேலே அம்புக்குறி போட்டு "எங்க அப்பா" என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் சின்னராசா இரண்டு காலில் நின்று, சிப்பாயிடம் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருந்தான். அட்டையிலும் கண்ணை மூடியிருந்தான்.

சிப்பாய்களுக்கெல்லாம் பிள்ளைகள் பச்சை பூசியிருந்தார்கள். எந்தப் பெட்டியில் கிடைத்த வர்ணக்கட்டிகளோ, ஏறக்குறைய அதே பச்சை. நான் ஏழு வருடம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பச்சை.

ஆசிரியை, "கோவமா சார்?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர்" என்றேன்.  ஒரு பிரதியை எடுத்து, மூட்டைகளை எண்ணினேன். அந்தப் பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருந்தது.

அந்தப் பக்கத்தைப் பற்றிப் பிறகு பலர் எழுதினார்கள். துணிச்சலான மௌனம் என்றார் ஒருவர். வாசகரை நம்பிய கலைஞன் என்றார் இன்னொருவர். கூட்டங்களில் என்னைக் கேட்டபோது, பெருமூச்சு விட்டு, "சில இடங்களில் நாம் விலகி நிற்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை முன்வரிசையில் கௌரி இருந்தாள். அவளும் ஓஐசி மாதிரியே கைக்குட்டையை எடுத்து இருமினாள்.

வீட்டில் எனக்கு அந்த மரியாதையெல்லாம் இல்லை. மகள் பிறந்து தாதி கொண்டுவந்து காட்டியபோது, நான் வாயைத் திறக்குமுன் கௌரி கட்டிலில் இருந்தபடி, "சொல்லுங்கோ, கறுப்பு கூடிப்போச்சு எண்டு" என்றாள். பால் பொங்கினாலும் பரீட்சை பாஸானாலும் எங்கள் வீட்டில் சொல்வது அதுதான். போன வருடம் மகளின் கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்த நொடியில், மாப்பிள்ளை அவள் காதில் ஏதோ சொல்லப்போக, அவள் முழு மண்டபத்துக்கும் கேட்கும்படி அதைச் சொன்னாள். மாப்பிள்ளை வெலவெலத்துப் போனார். பாவம், கதையை அவருக்கு விளக்க ஒரு கிழமை எடுத்தது. விளக்கியதும் நான்தான், அதனால்தான் ஒரு கிழமை.

போன மாதம் புதிய புத்தகமொன்றை நானாவிடம் கொண்டுபோனேன். அவருக்கும் வயதாகிவிட்டது, இன்னும் காலையில் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்கிறார். பார்சலைக் கொடுத்தேன். இந்தத் தடவை அறிவுறுத்தல் அரைப் பக்கம்தான். (கௌரி அளந்து பார்த்தே அனுப்பினாள்.) விடைபெற்று, வீதியைக் கடந்து, பஸ் தரிப்பு வரை போய்த் திரும்பி வந்தேன்: ஐந்தாம் பக்கத்து மேகம் கொஞ்சம் மெல்லிதாக இருக்கட்டும் என்று சொல்ல. நானா தலையாட்டினார். போனேன். பஸ் தூரத்தில் தெரியும்போது இன்னொரு தடவை ஓடி வந்தேன்: மேகம் பரவாயில்லை, ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் அந்த மாட்டின் கொம்பு...

நானா கதிரையை விட்டு மெதுவாக எழுந்தார். என் தோளைப் பிடித்து வீதிப் பக்கம் திருப்பிவிட்டார்.

"மாஸ்டர், பஸ் வருது. இப்ப ஏறி ஊட்டுக்குப் போகல்லாட்டி, நானே பொலிசுக்கு போன் பண்ணுவேன்."